டவலுக்கு அடியில் இருந்த படம்

"வியாழக்கிழமை தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்?" எங்கள் கேர் ஹோமில் இருக்கும் ஒரு பெரியவர் கேட்டது இவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. எல்லாரையும் கைதட்டச் சொல்லிவிட்டு டீ வண்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னேன். நான்கு மாதமாகிறது, அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேர் ஹோமில் சனிக்கிழமை மதியம் 'புல்ஸ்ஐ' ஆடலாம் என்றது நான்தான். எங்கள் பெரியவர்களுக்கு அதன் விதியை விளக்கவே வேண்டாம். 1981 முதல் 1995 வரை இங்கிலாந்தின் ஐடிவி சேனலில் வந்த, பலகையில் அம்பு எறியும் போட்டி நிகழ்ச்சி. நடத்திய ஜிம் போவன் அவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. லங்காஸ்டர் அருகே கேட்டன் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர், இரவில் கிளப்புகளில் ஜோக் சொல்லப் போவார். 'தி காமெடியன்ஸ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி வழியாக டிவிக்கு வந்து, புல்ஸ்ஐ தொடங்கும்போது அவருக்கு வயது 44. தடுமாறுகிறவர்களிடம் அவர் பேசும் விதத்தில் வாத்தியார் கடைசிவரை இருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

கடைசிச் சுற்றுதான் விஷயம். வென்ற பரிசுகளைப் பணயம் வைத்தால், ஜோடியாக ஆடும் இருவரும் சேர்ந்து ஆறு அம்பில் 101 புள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்தப் பரிசுகள் போய்விடும். அதோடு விடமாட்டார்கள். என்ன கிடைத்திருக்கும் பாருங்கள் என்று மறைத்து வைத்திருந்ததையும் காட்டுவார்கள். கடலே இல்லாத ஊர்க்காரர்கள் ஸ்பீட்போட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

எங்களிடம் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ அம்பு, எடுக்க வேண்டியது 60 புள்ளி. பெரிய பரிசின் படம் ஒரு டவலுக்கு அடியில் மறைந்திருக்கும். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர் மடியில், ஜெயித்த ஒரு சாக்லேட் பெட்டி இருந்தது. பணயம் வைக்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டேன். "வைக்கிறேன், லவ்" என்றார். இந்தப் பக்கத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 58 வந்தது. கடைசி அம்பு போர்டில் ஒட்டாமல் கார்பெட்டில் விழுந்தது. உடனே மற்றவர்கள் சத்தம் போட்டார்கள், டவலை எடு, டவலை எடு என்று. எடுத்தேன். மோர்கம் கடற்கரைப் படம். வியாழக்கிழமை காரில் போய், பெஞ்சில் உட்கார்ந்து ஃபிஷ் அண்ட் சிப்ஸ், அதுதான் பரிசு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். "இதில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறதே" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

மோர்கம் வளைகுடாவில் கடல் தண்ணீர் இறங்கினால் மைல் கணக்கில் மணல்தான். அந்த ஊரை அறிந்தவர் முதலில் நேரத்தைத்தான் கேட்பார். தான் தோற்றதை மறந்துவிட்டாரா, அல்லது தோற்றாலும் கூட்டிக்கொண்டு போவேன் என்று நம்பினாரா?

மேனேஜர் அன்றே சொன்னார், "அவரையே கூட்டிக்கொண்டு போயேன், யார் கேட்கப் போகிறார்கள்?" நான் மறுத்தேன். இருபது பேர் பார்த்திருக்கிறார்கள், விதி என்றால் விதி. அவர் குழந்தை இல்லை, தெரிந்துதான் பணயம் வைத்தார். வயதானவர் என்பதற்காகத் தோல்வியை இல்லாமல் செய்வதும் ஒரு அவமதிப்புதான். இதையெல்லாம் இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் முழுக்க ஹோமின் கார் வாசலில் சும்மா நின்றது. ஜன்னல் வழியாக அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார்.

போவன் நிகழ்ச்சியில் தோற்றவர்களுக்குப் பஸ் காசாவது மிஞ்சும், ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த நாள் காலையில் அவர்களுக்கு மாத்திரை கொடுக்க வேண்டியவர் போவன் இல்லை. நான் கொடுக்க வேண்டும். ஒருவேளை டவலை எடுத்ததுதான் தப்போ? எடுக்காமல் இருந்தால் அவருக்கு ஒரு சாக்லேட் பெட்டி மட்டும்தான் நஷ்டம். ஆனால் அதைக் காட்டாவிட்டால் அது புல்ஸ்ஐயே இல்லை. கேட்டவர்கள் அவருடைய நண்பர்கள்தானே.

அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் சாக்லேட் பெட்டியை ஜெயித்தார். பணயம் வைக்கிறீர்களா என்று கேட்டேன். டவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லை லவ், இது போதும்" என்று பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

டவலை எடு என்று மற்றவர்கள் கத்தினார்கள். நான் எடுக்கவில்லை. உள்ளே இருந்தது அதே மோர்கம்தான். இந்த முறை தண்ணீர் சுவர்வரை ஏறியிருக்கும் படமாகத் தேடி வைத்திருந்தேன். கீழே, வியாழக்கிழமை தண்ணீர் ஏறும் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.