ஏற்காட்டுக்கு ஒரு குட்டி டிரம்பெட்

பேண்டு செட்டில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் தன் பாக்கெட் டிரம்பெட்டைக் கொடுத்தனுப்பினார். பெயர்தான் பாக்கெட், எந்தச் சட்டைப் பையிலும் நுழையாது. ஆனால் தோள்பையில் ஸ்வெட்டருக்கு நடுவே அடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தமில்லாமல் ஏறி வந்துவிட்டது.

குழாயின் நீளம் பெரிய டிரம்பெட்டுக்கு உள்ள அதே ஒன்றரை மீட்டர்தான், கிட்டத்தட்ட. அதை இன்னும் நெருக்கிச் சுருட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. அதனால் சுருதியும் மாறவில்லை, மூன்று வால்வுகளில் விரல் வைக்கும் முறையும் மாறவில்லை. அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டான் செர்ரி ஜாஸ் மேடைகளில் இந்த வகையை வைத்துத்தான் கலக்கினார்.

ஏற்காட்டின் பகோடா பாயிண்ட் பக்கம் காலையில் ஊதினால் சுருதி இறங்கியே நின்றது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், அதுதான் காரணம். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, கொஞ்ச நேரம் வெறுங்காற்றை ஊதி, சுருதி சேர்க்க நகர்த்தும் குழாயான டியூனிங் ஸ்லைடைச் சற்று உள்ளே தள்ளியதும் வழிக்கு வந்தது. மேல் ஸ்தாயியில் மட்டும் மூக்கடைத்த குரல். கல்யாண ஊர்வலத்துக்கு இது போதாது என்பது என் கட்சி. பயணத்துக்கு, பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க, அருமை.

சேலம் பக்கம் யாரிடமாவது நல்ல நிலையில் ஒன்று விலைக்கு இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. விலை பேசிக்கலாம்.