ஒரு குழாய் உறைந்ததில் தடம் மாறிய கலிலியோ செயற்கைக்கோள்கள்

2014 ஆகஸ்ட் 22 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து சோயுஸ் ராக்கெட் கிளம்பியது. மேலே ஐரோப்பாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான கலிலியோ 5, 6. சோயுஸ் மேல் பழி இல்லை. கோளாறு முழுக்க உச்சி அடுக்கான ஃபிரெகாட்டில்தான்.

ஃபிரெகாட்டின் திசையைத் திருத்தும் சிறு உந்துபொறிகளுக்கு ஹைட்ரசின் என்ற எரிபொருள் போக வேண்டும். அந்தக் குழாயையும், கடுங்குளிர்ச்சியான ஹீலியம் குழாயையும் ஒரே கிளாம்பில் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். உலோகம் வழியே குளிர் கடந்தது. ஹைட்ரசின் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். உறைந்தது. உந்துபொறிகள் பசியில் கிடக்க, அடுக்கு தன் திசையை இழந்து, இரண்டாம் எரிப்பைத் தப்பான பக்கம் நோக்கிச் செய்தது. இப்படிப் பொருத்தக்கூடாது என்று வரைபடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் விசாரணையில் தெரியவந்தது. கிளாம்பை மாட்டிய கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேண்டியது 23,522 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதை. கிடைத்தது 13,713 முதல் 25,900 கி.மீ. வரை நீளும் முட்டை வடிவம். நிலநடுக்கோட்டோடு பாதை கொள்ளும் சாய்வும் 5 டிகிரி போலக் குறைவு. தாழ்புள்ளிக்கு வரும்போதெல்லாம் பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டை. பூமி அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்ததால் பூமியைப் பார்த்துத் திசை அறியும் புவி உணரியும் தடுமாறியது.

செயற்கைக்கோளில் இருந்த ஹைட்ரசின் சிறு திருத்தங்களுக்கு மட்டுமே போதும். சாய்வை மாற்ற அது எந்த மூலைக்கு? அதனால் தாழ்புள்ளியை மட்டும் உயர்த்தினார்கள்: கலிலியோ 5-க்கு 2014 நவம்பரில் 17 நாளில் 11 எரிப்புகள், ஏறத்தாழ 3,500 கி.மீ. ஏற்றம். 20 நாளுக்கு ஒருமுறை தரையில் அதே இடங்களுக்கு மேல் திரும்ப வரும்படி பாதையை அமைத்தது கெட்டிக்காரத்தனம். மற்ற கலிலியோக்களுக்கு அது 10 நாள், கணக்கு ஒத்துப்போகும்.

மீதமிருந்த கோணல் இயற்பியலாளர்களுக்கு வரமானது. நாளுக்கு இருமுறை சுமார் 8,500 கி.மீ. ஏறி இறங்கும் ஹைட்ரஜன் மேசர் என்ற அதிதுல்லிய அணுக் கடிகாரம் வேறு எங்கே கிடைக்கும்? ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடுவதே ஈர்ப்புச் செம்பெயர்ச்சி; 2018-ல் வந்த அதன் அளவீடு, 1976-ன் கிராவிட்டி புரோப் ஏ ராக்கெட் சோதனையை விட 5 மடங்குக்கு மேல் துல்லியம்.

ரிசீவர் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. கலிலியோ 5, 6 முறையே ஈ18, ஈ14 எண்களில் வரும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயப் பாதையைச் சொல்லும் அல்மனாக்கில், பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற மையப்பிறழ்ச்சிக்கான இடம் 0.031 வரைதான்; இவற்றுடையதோ ஏறக்குறைய 0.16. எனவே அல்மனாக்கில் தேடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் துல்லியப் பாதையை அனுப்பும் எஃபமெரிஸில் 0.5 வரை இடம் உண்டு, அதில் அடங்கும்.