இரண்டு விரல் இடைவெளி

பொதுப் படகுத்துறைகளைச் சீரமைக்கும் பணியில் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், சரிவைச் சரியாக அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். இழுவை வண்டி நீரில் இறங்காமலேயே ட்ரெய்லரிலிருந்து படகு மிதந்து விலக, படகை இறக்கும் சாய்தளம் 12 முதல் 15 சதவீதம் வரை சரிந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கோ 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்தான் உச்சவரம்பு. ஒரே தளத்தில் இரண்டும் கூடிவராது என்பதால், தனிப் பாதையும், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடையும், அவற்றை இணைக்கும் நீண்ட நடைபாலமும் அமைத்தோம்.

திறந்த சில நாட்களில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்மணி, பாலம் முழுவதையும் தாமாகவே கடந்து, அது மேடையைத் தொடும் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. "இவ்வளவு தூரம் தனியாக வந்துவிட்டேன், இனி யாராவது தூக்கிவிட வேண்டும்" என்றார். அந்த வரைபடம் என்னுடையது. இடைவெளியை மூடும் கீல் தகட்டை மறுவாரமே பொருத்தினோம் என்றாலும், அவருடைய முகம் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த படகுத்துறையில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. மேடையின் நிழலில் நீர்த்தாவரங்கள் வெளிச்சமின்றி அழியும், அவற்றை அண்டி வளரும் மீன்குஞ்சுகளுக்கும் இடமிராது என்பதால், சுற்றுச்சூழல் பிரிவினர் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலைத் தளம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் வலையின் அகன்ற கண்களில் ஊன்றுகோலின் நுனி இறங்கிவிடும். எனவே கண்ணின் அகலம் 13 மில்லிமீட்டரைத் தாண்டாத வலையைத் தேர்ந்து, கண்களின் நீள்வாட்டம் நடக்கும் திசைக்குக் குறுக்காக அமையும்படி பதித்தோம்.

வாகனத் தளத்து எண்ணெயும் மண்ணும் மழைநீரோடு நேரே ஏரிக்குள் போகாமலிருக்க, சாய்தளத்தின் தலைப்பில் குறுக்கு வடிகால் வெட்டிப் புல்வாய்க்காலுக்குத் திருப்பினோம். படகு கழுவும் இடத்தைக் கரையிலிருந்து தள்ளி, வெளியேறும் வழியிலேயே வைத்தோம். ஆகாயத்தாமரையின் சிறு துண்டு ஒன்று ட்ரெய்லரின் அச்சில் ஒட்டிச் சென்றாலே இன்னொரு ஏரியில் பரவிவிடும். கழுவும் குழாயின் பிடியை உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் பொருத்தச் சொன்னேன். அந்தப் பெண்மணி இப்போது தம் படகைத் தாமே கழுவிவிட்டுத்தான் கிளம்புகிறார்.