தேவிபட்டினத்தில் அப்பா சொல்லிய பெயர்கள்

அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்து வந்த ஆடி அமாவாசைக்கு அம்மா, தம்பி, நான் மூவரும் தேவிபட்டினம் போனோம். ராமேஸ்வரம் போகலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அப்பா எந்தப் படியில் இறங்கினாரோ, அங்கேதான் தம்பியும் இறங்க வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சேது பந்தனத்துக்கு முன் ராமர் கடலுக்குள் நட்டு வழிபட்டதாகச் சொல்லப்படும் ஒன்பது கற்கள்தான் இங்கே நவகிரகங்கள். விமானமும் இல்லை, கருவறையும் இல்லை. உப்புநீரில் சற்றே சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் கற்கள். தலையில் நவதானியமும் பூவும். நீர் ஏறினால் சில கற்கள் முங்கிவிடும். ராமர் வேண்டியதால் அலை அடங்கியது என்பது தலபுராணம். இந்தப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்றும், சேதுக்கரைப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சுற்றி வரும்போது காலில் சிக்குவது பாசியல்ல, பரிகாரம் என்று விட்டுப்போன பழந்துணி. இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்களையே ஒருமுறை இறங்கிப் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964-க்கு அடுத்த ஆண்டு அப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சி, மதராஸ் ரெஜிமெண்ட். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து முண்டு மிளகாய் போட்டார். 1971 போரைப் பற்றிக் கேட்டால் குளிரைப் பற்றி மட்டும் சொல்வார். ஆனால் ஆடி அமாவாசையன்று, தம் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் எள்ளும் நீரும் இறைத்த பிறகு, இன்னும் நான்கு பெயர் சொல்வார். அந்த டிசம்பரில் மேற்கு எல்லையில் உடன் இருந்து திரும்பாதவர்கள். நண்பருக்கும் நாதியற்றவருக்கும் நீர் விட சாஸ்திரத்தில் இடம் உண்டு. கோத்திரம் என்ன என்று புரோகிதர் கேட்டால், சிரிக்காமல் "மதராஸ் ரெஜிமெண்ட்" என்பார். நால்வரில் ஒருவர் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். அவருக்கு எதற்கு எள் என்று பெரியப்பா ஒருமுறை கேட்டபோது, "தண்ணீர்தானே அண்ணே, அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்" என்றார்.

தம்பிக்கு இரண்டு பெயர்தான் நினைவிருந்தது. ஈர வேட்டியோடு கையில் தர்ப்பையை வைத்துக்கொண்டு விழித்தான். படியில் நின்ற அம்மா மற்ற இரண்டையும், ஊரோடும் தகப்பன் பெயரோடும், தடங்கலில்லாமல் சொன்னாள். அந்தக் காலத்து இன்லாண்ட் கடிதங்களில் படித்த பெயர்களாம். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. புரோகிதர் இளைஞர். கோத்திரம் கேட்டார். தம்பி அப்பாவைப் போலவே சொல்ல, அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அங்கிருந்து திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆதி ஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த தர்ப்பசயன ராமர் சந்நிதிக்கு வந்தோம். கடலரசன் வழி விடுவான் என்று தர்ப்பைப் புல்லில் மூன்று நாள் படுத்திருந்த ராமர். "சண்டை போடுவது ஒன்றும் இல்லையம்மா, கையில் வில்லை வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்துக் கிடக்கிறார் பார், அதுதான் வேலை" என்று அப்பா இங்கே என்னிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை உபன்யாசம் கேட்டாலும் எனக்கு இந்த உரைதான் ஒட்டியது.

பிள்ளை வரம் கேட்பவர்களுக்கு இக்கோயிலில் பாயசப் பிரசாதம் உண்டு. லீவில் வந்த அப்பாவோடு அம்மா அதைச் சாப்பிட்டுத்தான் நான் பிறந்தேனாம். நான் பிறந்தபோது அவர் எல்லையில். அந்தக் கடனைத் தீர்ப்பதுபோல, ஓய்வு பெற்று வந்ததும் எனக்குத் தலை பின்னும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். சீப்பின் முனையால் நெற்றியிலிருந்து பிடரி வரை வகிடு எடுத்து, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் நுனிகள் நான்கையும் இழுத்து அளவு பார்ப்பார். ஒன்று அரை விரல் நீண்டிருந்தாலும் அவிழ்த்துவிடுவார். எத்தனையோ நாள் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போயிருக்கிறேன். டீச்சர் சடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்.

சேதுக்கரைக்கு வெயில் ஏறிய பிறகு போனோம். ஆஞ்சநேயரைக் கும்பிட்டு உடனே திரும்பிவிட்டோம். அம்மாவுக்கு மணலில் நடக்க முடியவில்லை.

பஸ்ஸில் தம்பி, தை அமாவாசைக்கு மதுரையிலிருந்து லீவு போட முடியுமா தெரியவில்லை என்று இழுத்தான். அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஜம்முவிலிருந்து மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தார் உன் அப்பா. மதுரை எங்கே இருக்கிறது?"