“எனக்கு ஒன்றுமில்லை”

“எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் இப்படியே இருங்கள்” என்று புல்லில் படுத்தபடியே அந்தத் தடுப்பாட்டக்காரன் சொன்னதற்கும், நான் அவனுடைய காலைத் தூக்கிப் பின்தொடையை நீவத் தொடங்கியதற்கும் இடையே மூன்று நான்கு விநாடிகள்தாம் இருந்திருக்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை ஆடும் கல்லூரி அணியொன்றில், வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னராக வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ முடிவுகளை எடுத்திருந்தாலும், அந்த விநாடிகளில் எடுத்ததுதான் இன்றும் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

எதிரணி ஹடில் கூடாமல், அதாவது அடுத்த நகர்வைத் திட்டமிட வட்டமாகக் கூடாமல், டவுனுக்குப் பின் டவுனாக (பந்தை முன்னேற்றும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்) ஆடி, எங்கள் தடுப்பு வரிசைக்கு மூச்சு வாங்கவோ ஆள் மாற்றவோ இடம் கொடுக்கவில்லை. அடுத்த டவுனைத் தொடங்கத் தரப்படும் 40 விநாடிக் கடிகாரத்தில் பாதிகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எங்கள் பக்க எல்லைக்கோட்டருகே சைகைபோல ஒரு கை அசைந்ததைப் பார்த்தேன். உடனே அவன் விழுந்தான். காயம் என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். விழுந்தவன் ஒரு டவுன் வெளியே நின்றால் போதும், அப்போதைய விதியின்படி, ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள அணிக்குத் தரப்படும் டைம்-அவுட்டுகளில் ஒன்றும் குறையாது. அது நடிப்புதானா என்று நடுவரால் சொல்ல முடியாது. அவனருகில் மண்டியிட்டிருந்த எனக்கு மட்டுமே அது தெரியும்.

மூளையதிர்ச்சி அடைந்தவனும் “எனக்கு ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வான், அந்தச் சொல்லை நம்பி எழுந்துவிடக் கூடாது என்றுதான் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். எனவே நான் அங்கேயே இருந்தது சரி என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்படிச் சந்தேகப்பட்டிருந்தால் அவன் கண்களைப் பார்த்திருப்பேன், ஆட்டத்தில் இப்போது எத்தனை புள்ளி என்று கேட்டிருப்பேன். நான் பிடித்ததோ அரங்கிலிருந்து எல்லோருக்கும் தெரியும்படியான காலை. அந்த நியாயம் எனக்குப் பிற்பாடு தோன்றியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காயப்பட்டதாக நடிப்பது நேர்மையற்றது என்று விதிநூலே சொல்கிறது. இந்த ஆட்டத்தில் அதைவிடக் கொடியவை நடந்திருக்கின்றன. 1951இல் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டின் தாடையை, பந்து அவரிடம் இல்லாத நேரத்தில் எதிரணி வீரரொருவர் தாக்கி உடைத்தார். இரண்டு புகைப்படக்காரர்கள் அதை வரிசையாகப் படம்பிடித்திருந்தார்கள். அந்தப் படங்களுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த வன்முறையோடு எங்கள் முப்பது விநாடியை ஒப்பிடுவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தும் நினைவு அங்கேதான் போகிறது. அங்கே தவற்றுக்குச் சாட்சியாகக் கேமரா இருந்தது. இங்கே சாட்சியாக இருந்திருக்க வேண்டிய நான் தவற்றுக்குக் கைகொடுத்தேன்.

எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை வலியோடு வரும் பையன் என்னிடம் உண்மையைச் சொல்வானா என்ற பயம் இருந்தது. அவர்கள் சொல்வது என்னோடு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் என் தொழிலே நடக்கிறது. இது உண்மையான காரணம்தான். போதுமான காரணமா என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறொருவன் விழுந்தான். ஓடிப்போய் மண்டியிட்ட நான் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை, “உண்மையாகவா?” என்று கேட்டேன். அவன் முழங்கால் தசைநார் அறுந்திருந்தது. சிகிச்சை அதனால் தாமதமாகவில்லை. ஆயினும் வலியின் நடுவிலும் அவன் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

2025 முதல், அடுத்த டவுனுக்காகப் பந்து வைக்கப்பட்ட பிறகு காயப்பட்டவனைப் பார்க்க மருத்துவக் குழு உள்ளே வந்தால் அவனுடைய அணி ஒரு டைம்-அவுட்டை இழக்கும். டைம்-அவுட் மீதமில்லையென்றால் ஐந்து கெஜம் தண்டனை. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் உண்மையாகவே அடிபட்டவன் அணிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவானோ என்று கவலைப்படுகிறேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் காயப் பதிவேட்டில், “வலது பின்தொடையில் தசைப்பிடிப்பு, தானே எழுந்து நடந்தார்” என்று எழுதினேன். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அணி மருத்துவர் அதைப் படித்துவிட்டு, பின்தொடை இப்போது எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்றான். நான் அந்த வரியைத் திருத்தவில்லை.