தற்காலிகமாக வைத்த பொருள்

சிங்கப்பூரில் அணுமின் நிலையம் கிடையாது. ஆனாலும் பயன்படுத்திய அணு எரிபொருளை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று படிக்கவும் குறிப்பு எழுதவும் கடைசிச் சில வருடங்கள் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தேக்காவில் தே ஓ குடிக்கும் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "அடுப்பே பத்த வைக்காத வீட்டுல சாம்பல் அள்ளுற வேலையா?"

கேள்வி நியாயமானதுதான். அப்போதிருந்த உலைத் தொழில்நுட்பம் நமக்குப் பொருந்தாது என்று 2012-ல் அரசாங்கத்தின் ஆய்வு சொல்லிவிட்டது. அமெரிக்காவில் ஓர் உலையைச் சுற்றி அவசரகாலத் திட்டத்துக்காகப் போடும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அந்த வட்டத்தை நம் தீவில் எங்கே வைத்தாலும் உள்ளே அடுக்குமாடி வீடுகள் வந்துவிடும். அப்புறம் சிறிய உலைகள் பற்றிய பேச்சு வந்தது. 2025 பட்ஜெட் உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், அணுசக்தி நமக்குச் சரிவருமா என்று ஆராய்வோம், அதற்கான திறனை முறையாக வளர்ப்போம் என்றார். அடுப்பு வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே சாம்பலைப் பற்றித் தெரிந்த ஆள் வீட்டில் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

ஆனால் எனக்கு அந்தப் பாடம் தொடங்கியது உலையில் இல்லை, துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டோரில்.

அதற்கு முன் பல வருடங்கள் நான் கதிரியக்கப் பொருள் வைத்திருக்கும் இடங்களைச் சோதனை செய்யும் வேலையில் இருந்தேன். இங்கே உலை இல்லையே தவிர, கதிரியக்கத்துக்குப் பஞ்சமில்லை. வெல்டிங்கைப் படம் எடுக்க இரிடியம்-192, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க சீசியம்-137. எல்லாவற்றுக்கும் 2007-ஆம் வருடத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆட்கள் இதை 'சோர்ஸ்' என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஸ்டோரின் பொறுப்பாளர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். இரும்புக் கதவு, மூன்று பூட்டு, உள்ளே சுவரோரம் இரண்டு இரும்பு டிரம். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஈய உறைக்குள் ஒரு சீசியம் கேஜ், தொட்டியின் மட்டம் பார்க்கும் அந்தக் கருவி. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கொண்டுபோனால் டிக், டிக் என்று சோம்பலாக அடிக்கும். அளவு எப்போதும் வரம்புக்குள்தான். டிரம்மின் மேல் ஒட்டிய தாளில் மங்கிப்போன மார்க்கர் எழுத்து: தற்காலிகச் சேமிப்பு, 2009. நான் அதைக் கவனித்துப் படித்தது 2017-ல்.

"அண்ணே, இது எப்போ போகும்?"

"டெம்பரரிதான் தம்பி. வித்தவங்களே எடுத்துக்குவாங்கன்னு சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"நான் வேலைக்கு வந்த வருஷம்."

விற்ற நிறுவனம் அதற்குள் மூடிப்போயிருந்தது. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு சோதனையிலும் 'திருப்தி' என்று எழுதியிருந்தது. இரண்டு இடத்தில் இருந்தது என் கையெழுத்து. மீட்டரைப் பார்த்திருக்கிறேன், பூட்டைப் பார்த்திருக்கிறேன், ஆள்மேல் பட்ட கதிர்வீச்சைக் காட்டும் டோஸ் பேட்ஜைப் பார்த்திருக்கிறேன். தேதியைப் பார்க்கவில்லை. சீசியம்-137-க்கு அரை ஆயுள் 30 வருடம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையவே அவ்வளவு காலம். எட்டு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலத்தில் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். காயலான் கடையில் பிரித்தவர்களில் ஒருவர் இறந்துபோனார். ஈயமும் இரும்பும் அங்கே ஒழுங்காகத்தான் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள்தான் இல்லை.

ஸ்டோரைப் பூட்டும்போது அண்ணன் கேட்டார்: "கூடங்குளத்துலயும் இப்படித்தான் டெம்பரரியா வைக்கிறாங்களா?" எனக்கு அப்போது சரியாகப் பதில் தெரியவில்லை. மீண்டும் பயன்படுவதைப் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்புக்குப் போகும்வரை உலைக்கு வெளியே ஒரு சேமிப்பகத்தில் வைப்பார்கள் என்று பேப்பரில் படித்ததைச் சொன்னேன். "அதுவரைக்கும்னா?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் பின்னால் துறை மாறினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பயன்படுத்திய எரிபொருள் என்றால் ஏதோ பச்சையாக ஒழுகும் திரவம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விரல்நுனி அளவுப் பீங்கான் வில்லைகள், சிர்கோனியக் குழாய்களில் அடுக்கியவை. உலையை நிறுத்திய கணத்திலும் அதன் முழுத் திறனில் 6, 7 சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதனால் சில வருடம் 12 மீட்டர் ஆழக் குளத்தில் வைக்கிறார்கள். பயிற்சிக்குப் போன வெளிநாட்டு ஆலை ஒன்றில் அந்தக் குளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறேன். தண்ணீருக்கடியில் நீல வெளிச்சம். பயமாக இல்லை, கோயில் குளத்தை எட்டிப் பார்ப்பதுபோல அமைதியாக இருந்தது. பக்கத்தில் நின்ற அந்த ஊர் ஆய்வாளர் குளத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் மட்டம் காட்டும் கோட்டைத்தான் பார்த்தார்.

சூடு தணிந்த பிறகு எஃகுக் கலத்தில் போட்டு, ஹீலியம் நிரப்பி, வெல்டிங் செய்து, கான்கிரீட் கூட்டுக்குள் நிற்க வைப்பார்கள். இதுதான் உலர்கலம். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. கீழ்த்துவாரம் வழியாகக் காற்று நுழைந்து சூடாகி மேலே போய்விடும். 2011-ல் ஃபுகுஷிமாவில் உலகமே நான்காம் உலையின் குளத்தை நினைத்து நடுங்கியது. அதே வளாகத்தில் ஒன்பது உலர்கலங்களைச் சுனாமி அடித்தது, அவை தாங்கிக்கொண்டன. எனக்கு உலர்கலம் பிடிக்கும், மறைக்கவில்லை.

ஆனால் பிடித்துப்போவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் 1982-ல் சட்டம் போட்டு, 1998 ஜனவரிக்குள் எல்லா ஆலைகளிலிருந்தும் எரிபொருளை அரசாங்கம் எடுக்கத் தொடங்கும் என்றார்கள். இன்னும் எடுக்கவில்லை. வர்ஜீனியாவில் சர்ரி ஆலையில் 1986-ல் உலர்சேமிப்பு தொடங்கியபோது உரிமம் 20 வருடத்துக்கு. 2011-ல் விதியை மாற்றி, ஒரு தடவைக்கு 40 வருடம்வரை தரலாம் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குத் துவாஸ் டிரம்மின் மங்கிய தாள்தான் கண்முன் நின்றது. 'தற்காலிகம்' என்ற சொல் அங்கேயும் நன்றாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது.

பூஞ்சை என்றதும் இன்னொன்று. கடலோர உப்புக்காற்றில் துருப்பிடிக்காத எஃகுகூட வெடிப்பு விடும். குளோரைடு படிந்து, ஈரம் சேர்ந்து, வெல்டிங் ஓரத்தில் இழுவிசையும் இருந்தால் முடிபோல ஒரு கோடு மெல்ல இறங்கும். கலம் மிகச் சூடாக இருக்கும்போது உப்பு நனையாது. வருடங்கள் போய் ஆறிய பிறகுதான் நனையும், அதாவது எல்லோரும் மறந்த பிறகு. நம் ஊர் ஈரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பால்கனி கிரில்லைத் தொட்டுப் பாருங்கள். இங்கே என்றைக்காவது ஒரு கலம் நிற்கும் என்றால் முதல் கேள்வியாக இதைக் கேட்க வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். இரண்டாவதாக, காற்றுத் துவாரத்தில் மைனா கூடு கட்டுமா என்று எழுதினேன். கூட்டத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது உலர்சேமிப்பில் அன்றாட வேலை.

பயிற்சி வகுப்புகளில் நான் அதிகம் சொன்ன கதை சான் ஓனோஃப்ரே. கலிஃபோர்னியக் கடற்கரை, 2018 ஆகஸ்ட் 3. ஏறக்குறைய 50 டன் கலத்தைக் குழிக்குள் இறக்குகிறார்கள். அது உள்விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. தூக்கும் வார்கள் தொய்ந்துவிட்டன. இறக்கியவர்களோ கலம் கீழே போய்ச் சேர்ந்தது என்றே நினைத்தார்கள். ஐந்தரை மீட்டர் உயரத்தில், எதுவும் பிடிக்காமல், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அது அந்த விளிம்பில் உட்கார்ந்திருந்தது. விழவில்லை, கசியவில்லை. ஆனாலும் 116,000 டாலர் அபராதம். "ஒண்ணும் ஆகலையே, எதுக்கு ஃபைன்?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். வார் தொய்ந்ததை யாரும் பார்க்கவில்லை. பிறகு தெரிவிக்க வேண்டிய நேரத்தில் தெரிவிக்கவும் இல்லை. மேற்பார்வை அதிகாரிக்கு, கலம் விழுந்ததா இல்லையா என்பதைவிட இந்த இரண்டும் பெரிது. எனக்கும் அப்படித்தான், 2017-க்குப் பிறகு.

அந்த டிரம்களில் ஒன்று பெரிய கடிதப் போக்குவரத்துக்குப் பின் வெளிநாடு போனது. மற்றதற்கு ஏற்றுக்கொள்ளும் இடம் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது. அதற்குள் அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டார். துறை மாறுவதற்கு முன் கடைசியாக அந்த ஸ்டோருக்குப் போனபோது புதுப் பையன் ஒருவன் சாவிக்கொத்தோடு வந்தான். டிரம்மில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூலகம், அளவு, வந்த தேதி என்று தடங்கல் இல்லாமல் சொன்னான். இரண்டு பூட்டைத் திறந்துவிட்டு மூன்றாவதில் சாவியைத் திருகுவதற்கு முன், பதிவேட்டின் பின்அட்டையைப் புரட்டிப் பார்த்தான். அங்கே பால்பாயிண்ட் பேனாவில் தமிழில் எழுதியிருந்தது: "3-ம் பூட்டு உப்பு பிடிச்சது. கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் திருப்பு."

தூக்கித் திருப்பினான், திறந்தது. உள்ளே போய் மீட்டரைக் கையில் எடுக்குமுன், அறிக்கையில் முதல் வரியாகப் பூட்டை மாற்றச் சொல்லி எழுதினேன். கெடு, பதினான்கு நாள். 'திருப்தி' என்ற கட்டத்தை அன்றைக்குக் காலியாக விட்டுவிட்டேன்.