‘போயிட்டு வாறன்’ என்பதற்கு ஆங்கிலம் தேடுதல்

மட்டக்களப்பில் ஒரு வீட்டிலிருந்து புறப்படுகிறவர் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வாறன்’ என்றே சொல்வார். அதை ‘ஐ வில் கோ அன்ட் கம்’ என்று ஆங்கிலமாக்கினால் இலங்கையில் எவருக்கும் விளங்கும், ஏனெனில் சிங்களவரும் அதே முறையில்தான் விடைபெறுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவரோ, நாம் சற்று நேரத்தில் திரும்பி வருவோம் என்று எண்ணிக் காத்திருக்கக்கூடும். அவரிடம் ‘சீ யூ’ என்றால் போதும்.

என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிற பிள்ளைகளில் பலர் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகம் செல்லக் காத்திருப்பவர்கள். இலக்கணத்தில் அவர்களுக்குப் பெரிய குறையில்லை. அன்றாடம் வாயில் வருகிற தொடர்களில்தான் தடுமாறுகிறார்கள். அகராதியை எடுப்பதற்கு முன், இதை யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்று யோசிக்கும்படி அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

‘மினக்கெடு’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தாய் ‘மினக்கெடாம வா மகன்’ என்கிறார். ஆங்கிலத்தில் அது ‘டோன்ட் பி லோங்’. கந்தோரில் ஒருவரோடு நெடுநேரம் பேசிவிட்டு எழும்போது ‘உங்கள மினக்கெடுத்திட்டன்’ என்கிறோம்; அங்கே ‘ஸொரி டு ஹாவ் கெப்ட் யூ’ பொருந்தும். நாள் முழுவதும் வரிசையில் நின்றும் காரியம் ஆகாதவர் ‘மினக்கெட்டதுதான் மிச்சம்’ என்று சலித்துக்கொண்டால், அது ‘வட் எ வேஸ்ட் ஒஃப் டைம்’. ஆனால் தூரத்திலிருந்து நம்மைப் பார்க்க வந்தவரிடம் ‘இவ்வளவு மினக்கெட்டு வந்திருக்கிறீங்களே’ என்று நெகிழ்ந்து சொல்லும்போது, நேரத்தை வீணாக்குவது என்ற அகராதிப் பொருளைக் கொண்டுபோய் வைத்தால் விருந்தாளியின் மனம் புண்படும். ‘தாங்க் யூ ஃபோர் கமிங் ஓல் திஸ் வே’ என்பதில்தான் அந்த நன்றி இருக்கிறது.

கிடைத்த தொடர் இயல்பானதுதானா என்று சரிபார்க்க, ஆங்கிலேயர் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டி, சொல்லைத் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிற பிரித்தானியத் தேசியத் தொகுப்பை (பிரிட்டிஷ் நஷனல் கோர்பஸ்) நான் பெரிதும் நம்புகிறேன். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆங்கிலத்தில் சுமார் 10 கோடிச் சொற்களைக் கொண்ட அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பேச்சு வழக்கு என்பதால், எழுத்தில் மட்டும் வாழ்கிற தொடரையும் மனிதர் வாயில் புழங்குகிற தொடரையும் பிரித்தறிய முடிகிறது. நாம் ‘குளிசை குடிச்சாச்சா’ என்று கேட்கிறோம். அங்கே ‘ட்ரிங்க்’ என்று தேடினால் தேநீரும் கோப்பியும் பியரும் வந்து நிற்கும். குளிசைக்கு ‘டேக்’ என்ற வினையே துணை வருகிறது. இந்த இணைகளைத் தனிச்சொற்களாக அல்லாமல் முழுத் தொடர்களாகவே கொப்பியில் எழுதி வைப்பது நல்லது.

இதனால் நம்முடைய ஆங்கிலம் தாழ்ந்தது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். இலங்கை ஆங்கிலத்துக்கு 2007இல் தனி அகராதியே வெளிவந்திருக்கிறது. கொழும்பு நண்பரிடம் ‘ஐ வில் கோ அன்ட் கம்’ என்று சொல்லி விடைபெறுகிற பிள்ளையை நான் திருத்துவதில்லை. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அதே பிள்ளை அப்படி எழுதினால் மாற்றி எழுதச் சொல்கிறேன்.